வி.பி.பி. ரேடியோவும் ஆன்லைன் குக்கரும்



போன மாதம் ஒரு காலையில் திண்டிவனத்திலிருந்து தம்பி மகள் போன் செய்தாள். "அத்தை, குக்கர் மூடி பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். குரல் நடுங்கியது. மூடி பறந்து சுவரில் அடித்திருக்கிறது. அதுவரை அடுப்படியில் விளையாடிய குழந்தை அப்போதுதான் கூடத்துக்குப் போயிருந்ததாம். ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு வாங்கியது. படத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, வீட்டுக்கு வந்த குக்கரில் இல்லை. பணத்தைக் கேட்டால், "திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது" என்று பதில் வந்ததாம். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை.

எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பத்திரிகை விளம்பரம் பார்த்து வி.பி.பி.யில் டிரான்சிஸ்டர் ரேடியோ வரவழைத்தார். இளைய தலைமுறைக்கு வி.பி.பி. தெரியாது. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும், பிறகுதான் பிரிக்க முடியும். 1877 முதல் நம் நாட்டில் இருந்த முறை. இன்றைய 'கேஷ் ஆன் டெலிவரி'க்குப் பாட்டன் என்று சொல்லலாம். அப்பா பிரித்தால் உள்ளே ரேடியோ மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வெறும் கூடு. வடநாட்டு முகவரிக்கு மூன்று கடிதம் போட்டார், ஒன்றுக்கும் பதில் இல்லை. மோசடி நடந்தால் வி.பி.பி. பணத்தை நிறுத்திவைத்து, வாங்கியவருக்கே திருப்பித் தர விதி செய்யலாம் என்று பழைய அஞ்சல் சட்டத்திலேயே இடம் இருந்ததாம். அது அப்பாவுக்கும் தெரியாது, தபால்காரரும் சொல்லவில்லை.

பிறகு 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததால்தான் அந்த நாளை தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் பள்ளியில் பேச்சுப்போட்டி வைத்தோமே, நினைவிருக்கிறதா? பேசிய உங்களுக்கும் கைதட்டிய எனக்கும் ஒரு விஷயம் அப்போது உறைக்கவில்லை. விற்றவர் இருக்கும் ஊரிலோ, அவர் கிளை இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். நாம் குடியிருக்கும் ஊர் என்ற ஒன்றே போதாது. 1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரமே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகர் கடலூர். திண்டிவனத்துக்காரர் ஒரு ரேடியோவுக்காகக் கடலூருக்கும் டெல்லிக்கும் அலைவாரா?

அந்தக் கதவைத் திறந்தது 2019ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம், நமக்கு விழுப்புரம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். மூன்று நாள் கழித்து மின்வணிக விதிகளும் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

குக்கருக்கே தனிக் கதை உண்டு. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ். 2347 தரமுத்திரை இல்லாத வீட்டு உபயோக குக்கரை விற்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமற்ற குக்கர் விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் போட்டது. விற்பனையான 2,265 குக்கர்களைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. பிளிப்கார்ட்டுக்கும் அதே தொகை, 598 குக்கர்கள். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை, அந்த விற்பனையில் அமேசான் 6 லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கியிருந்தது. சந்தையில் கடை போட வாடகை வாங்குபவனுக்கும் பொறுப்பு உண்டு என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் சொல்வதுதானே! இரண்டு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

இதையெல்லாம் தம்பி மகளுக்குச் சொன்னேன். குக்கரைத் தேய்க்காமல், கழுவாமல், நாலு பக்கமும் படம் எடுக்கச் சொன்னேன். விளம்பரப் பக்கத்தையும் போனில் படமாகச் சேமித்தாள், நல்ல வேளை, அதற்குள் அதை நீக்கியிருக்கவில்லை. குறைதீர் அலுவலருக்குக் கடிதம், 1915 உதவி எண்ணில் புகார். மூன்றாவது வாரம் பணம் வந்தது. அவள் முதலில் அழுதாள், பிறகு அந்தப் புகார் எண்ணை எனக்கு அனுப்பி, "இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க அத்தை" என்றாள்.

அப்பாவின் ரேடியோக் கூட்டில் அம்மா பல வருடம் ஊசி நூல் வைத்திருந்தார். திண்டிவனத்தில் இப்போது புதுக் குக்கர். கடைக்கே நேரில் போய், முத்திரைக்குக் கீழே இருக்கும் சி.எம்/எல் எண்ணைப் போனில் சரிபார்த்துத்தான் வாங்கினாளாம். கடைக்காரர் கொஞ்சம் முறைத்தாராம்.