செயலி அறிவிப்புகள்: ஒலிபெருக்கி முதல் பயனர் தேர்வு வரை

கைப்பேசிச் செயலி ஒன்று தானாகத் தெரிவிக்கும் சிறு செய்தி அறிவிப்பு எனப்படும். செயலியைத் திறந்திருக்கும்போது அதன் உள்ளேயே தோன்றுவது செயலியக அறிவிப்பு. செயலி மூடியிருந்தாலும் திரைக்கு வருவது தள்ளு அறிவிப்பு. எந்தச் செய்தி, எந்த நேரத்தில், எந்த ஒலியுடன் வரவேண்டும் எனப் பயனரே தீர்மானிக்கும் வசதி இவற்றுக்குப் பின்னரே வளர்ந்தது.

அதன் தேவையை ஆரணியில் எளிதாகக் காணலாம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பட்டு நெசவு நகரில், பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி பூசி உலர்த்துவர். அந்த நேரத்தில் மழை வந்தால் உழைப்பு வீணாகும். அந்த வீட்டுக்கு வேண்டியது மழை எச்சரிக்கை மட்டுமே; கடல் அலையின் உயரம் அல்ல.

கடற்கரையில் நிலைமை வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்கணிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மக்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லித் தப்பினர். ஒலிபெருக்கியை எவரும் 'மியூட்' செய்ய முடியாது என்பது அன்று நன்மையாயிற்று.

அதே நிறுவனம் பின்னர் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்னும் கைப்பேசிச் சேவையை உருவாக்கியது. காற்று, அலை விவரங்களுடன், படகு பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் அது வல்லது. ஊர் முழுவதற்குமான செய்தி, ஒரு படகின் இருப்பிடத்துக்கான செய்தியாயிற்று.

ஆப்பிள் நிறுவனம் தள்ளு அறிவிப்புச் சேவையை 2009இல் தொடங்கியது. கூகுள் 2010இல் ஆண்ட்ராய்டுக்குக் கொணர்ந்தது. விளம்பரங்களும் சலுகைச் செய்திகளும் பெருகியபோது, சலிப்புற்ற பயனர் செயலியின் அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்தார்; அவற்றுடன் முக்கிய எச்சரிக்கையும் போயிற்று. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, அறிவிப்புகளைச் சேனல்களாகப் பிரித்தது. பயனர் சலுகைச் சேனலை அணைத்துவிட்டு மழைச் சேனலை மட்டும் ஒலியுடன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேனல்களைப் பிரிப்பவர் செயலியை எழுதுபவரே. விளம்பரத்தையும் எச்சரிக்கையையும் அவர் ஒரே சேனலில் போட்டால் பயனரின் தேர்வுக்குப் பொருளில்லை. இன்றும் பல செயலிகளில் இக்குறை உண்டு.

2016இல் வந்த ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் மற்றொரு வழி தந்தது. செயலி 'ஆரணி மழை' போன்ற ஒரு தலைப்பில் பயனரைச் சேர்த்துவிட்டால், அத்தலைப்புக்கு அனுப்பும் செய்தி சேர்ந்தவர்களுக்கு மட்டும் செல்லும். செயலிக்குள் இருக்கும் அமைப்புப் பக்கத்தில் பயனர் இடும் குறியே அத்தேர்வு. ஆண்ட்ராய்டு 13 (2022) முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்பவே அனுமதி கேட்கவேண்டும்.

எனினும் பயனர் விருப்பத்துக்கு விடக்கூடாத செய்திகளும் உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் முறை, செயலி எதுவும் இன்றியே ஒரு பகுதியில் உள்ள கைப்பேசிகளில் உரத்து ஒலித்தது. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'டிஎன் அலர்ட்' செயலி, இருப்பிடத்துக்கேற்ற வானிலைத் தகவலைத் தமிழில் தருகிறது.