நடத்தை அறிவியலில் படிப்பும் பணியும்: அந்தமான் மாணவர்கள் அறிய வேண்டியவை

சிப்பிகாட்: அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) சுமார் 14 கி.மீ. தொலைவில் உள்ள சிப்பிகாட், ஒரு காலத்தில் அரசு வேளாண் பண்ணையாலும் நெல் வயல்களாலும் அறியப்பட்ட ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்து சென்ற பிறகும் கடல்நீர் முழுமையாக வடியவில்லை. தாழ்வான வயல்களில் ஒவ்வோர் ஓதத்தின்போதும் உப்புநீர் ஏறியது. நெல் விளைந்த இடங்கள் சதுப்புநிலமாயின. இன்று அங்கு பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியுடன் வந்து செல்கின்றனர்.

நிலம் ஏன் தாழ்ந்தது என்பதைப் புவியியல் வல்லுநர்கள் விளக்கிவிட்டனர். நீரில் மூழ்கிய வயலை அதன் உரிமையாளர் எப்போது இழப்பாக ஏற்றுக்கொள்கிறார்? மீண்டும் எச்சரிக்கை ஒலித்தால் மேட்டுநிலத்தை நோக்கி ஓடுவாரா, அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பாரா? நிவாரணத் தொகை கைக்கு வரும் விதம் அதைச் செலவிடும் விதத்தை மாற்றுமா? இத்தகைய கேள்விகளுக்குச் சான்றுகளுடன் விடை தேடும் துறையே நடத்தை அறிவியல். உளவியல், மானிடவியல், சமூகவியல், பொருளியல், நரம்பியல் ஆகியவை சந்திக்கும் இடம் இது.

சட்ட விதிகளும் சேர்க்கை முறைகளும் அண்மையில் வெகுவாக மாறியுள்ளன. பழைய தகவலை நம்பிச் சேரும் மாணவர் சில ஆண்டுகளை இழக்க நேரிடலாம் என்பதால், இத்துறையில் நுழைய விரும்புவோர் அறிய வேண்டியவை இங்கே தரப்படுகின்றன.

அந்தமானில் தொடங்கிய பணி

ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனத்தின் குழுவினர் அந்தமானில் உள்ள நிவாரண முகாம்களில் பணியாற்றினர். முதல் 3 மாத அனுபவங்களை அவர்கள் 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தொடக்கக் கட்டத்தில் பாதிக்கப்பட்டோரில் 5 முதல் 8 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க மனநலச் சிக்கல்கள் இருந்ததாக அதில் மதிப்பிடப்பட்டது. நிகோபார் பழங்குடியினரின் கூட்டுக் குடும்ப அமைப்பு அவர்களுக்குத் தாங்கும் ஆற்றலை அளித்ததையும் அக்குழு பதிவு செய்தது. தனித்தனியே அழைத்துப் பேசுவதைக் காட்டிலும் சமூகத்தைக் குழுவாக அணுகுவதே அங்கு பொருத்தமாக இருந்தது.

நகர மருத்துவமனையில் கற்றதை அப்படியே தீவுக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. உள்ளூர் மொழியும் உறவுமுறையும் அறிந்தவருக்கு இத்துறையில் உள்ள முன்னுரிமையும் இதனால் விளங்கும்.

தீவுகளுக்கு அருகிலேயே மற்றொரு பாடமும் உண்டு. சுமத்ராவின் மேற்கே உள்ள சிமெலுவே தீவு 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் 7 பேர் மட்டுமே. 1907-இல் நேர்ந்த ஆழிப்பேரலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததால், நிலம் அதிர்ந்ததும் கடற்கரையை விட்டு மக்கள் மலையேறினர். எந்தக் கருவியும் அப்போது அவர்களை எச்சரிக்கவில்லை.

இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11-இல் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பெரிய அலை வரவில்லை. இவ்வாறு சில முறை நிகழ்ந்தால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் எவ்வளவு மதிப்பர் என்பது கருவிகளால் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று.

தமிழகக் கிராமங்களில் பிறந்த ஆய்வுகள்

இத்துறையின் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று தமிழகக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட இந்த ஆய்வில் 464 விவசாயிகள் பங்கேற்றனர். அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்திலும் ஒரே விவசாயிக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் தரப்பட்டன. பணத்தட்டுப்பாட்டுக் காலத்தில் மதிப்பெண் குறைந்தது. மனிதர் அவரே, மாறியது கைப்பணமும் அதைப் பற்றிய கவலையும். ஏழைகள் தவறான முடிவெடுப்பதால் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற பழைய பேச்சுக்கு எதிரான வலுவான சான்றாக இது கருதப்பட்டது. முல்லைநாதன் தமிழகத்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியைச் சேர்ந்தது. சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும், பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்தனர். நெருக்கடியான மனநிலை பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் உயிர் பிழைக்கும் என்பதே இதன் அடிப்படை. சிறிய அளவிலான ஆய்வுதான் என்றாலும், விவசாயிகள் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டனர் என்பது 2013-இல் வெளியான கட்டுரையில் பதிவாகியுள்ளது. அறிவுரை சொல்வதற்கும் சூழலை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

அரசுக் கொள்கையில் இடம்

டேனியல் கானமன் 2002-இலும் ரிச்சர்ட் தேலர் 2017-இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அரசுகளின் கவனமும் இத்துறையின் மீது திரும்பியது. பிரிட்டன் அரசு 2010-இல் இதற்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. இந்தியாவின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை, மக்களைக் கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தூண்டும் 'நட்ஜ்' முறை பற்றித் தனி அத்தியாயமே கொண்டிருந்தது. அசோகா பல்கலைக்கழகத்தின் சமூக, நடத்தை மாற்ற மையம் நிதி ஆயோக்குடன் இணைந்து பணியாற்றியுள்ளது.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் இரு நட்ஜ் பிரிவுகளின் சோதனைகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஒரு கட்டுரை, பல்கலைக்கழக ஆய்விதழ்களில் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி அளவுக்குப் பலன் காட்டிய இம்முறை, களத்தில் 1.4 சதவீதப் புள்ளியே பலன் தந்ததாகக் கூறியது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகள் மீண்டும் நடத்திப் பார்க்கப்பட்டபோது, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே முந்தைய முடிவு உறுதியானது. விற்பனையில் உள்ள 'மனதை வெல்லும் வழிகள்' வகை நூல்களை மட்டும் படித்துவிட்டு இத்துறைக்கு வருவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. புள்ளியியலை அஞ்சுவோருக்கு நடத்தை அறிவியல் கடினமாகவே இருக்கும்.

எந்தப் பணிக்கு எந்தத் தகுதி?

மருத்துவ உளவியலாளர் என்ற பெயருடன் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின்றிப் பணியாற்றினால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. பட்டம் பெற்றால் போதும் என்று பலர் இன்னமும் எண்ணுகின்றனர். அது போதாது. முதுநிலைக்குப் பின் கவுன்சில் அங்கீகரித்த 2 ஆண்டு எம்.ஃபில். படிப்பே நெடுங்காலம் வழியாக இருந்தது.

புதிய கல்விக் கொள்கையின்படி எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு விலக்களித்தது. நான்காண்டு இளநிலைப் பட்டம் உள்ளிட்ட புதிய பாடத்திட்டங்கள் அறிமுகமாகி வருகின்றன. எந்த நிறுவனத்தில் சேருவதாயினும், அந்த ஆண்டுக்கான அங்கீகாரப் பட்டியலைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.

மருத்துவ உளவியல் தவிர்த்த பிற பணிகளுக்கு 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் பொருந்தும். உளவியலாளர், நடத்தைப் பகுப்பாய்வாளர், சுகாதார ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் முதலியோர் இச்சட்டத்தில் ஒரே தொகுப்பில் இடம்பெற்றுள்ளனர்.

இச்சட்டத்தின் விளைவு தீவு மாணவர்களை நேரடியாகத் தொடுகிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த பாடங்களைத் தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வீட்டிலிருந்தபடியே வேலையும் பார்த்துக்கொண்டு உளவியல் பட்டம் பெறுவது அந்தமானில் இருப்பவருக்கு எளிய வழியாக இருந்தது. அவ்வழி அடைபட்டுவிட்டது. பயிற்சியின் தரத்தை நோக்கினால் முடிவு நியாயமானதே. ஆயினும் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத் தொலைவில் உள்ள மாணவர் மீது அதன் சுமை கூடுதலாக விழுகிறது. இனியும் தொலைநிலை உளவியல் பட்டத்துக்குச் சேர்க்கை நடப்பதாக எவரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

மனநலப் பிரிவைச் சாராத பணிகளுக்கு உரிமப் பதிவு தேவைப்படுவதில்லை. பொது சுகாதாரத்தில் நடத்தை மாற்றப் பணி, நடத்தைப் பொருளியல் ஆய்வு, சந்தை ஆய்வு, கைப்பேசிச் செயலிகளின் பயனர் ஆய்வு, நிறுவன மனிதவளம் ஆகியவை அத்தகையவை. கள ஆய்வு உதவியாளராகத் தொடங்குவதே வழக்கமான முதற்படி. வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதிக்கும் ஜே-பால் தெற்காசிய அமைப்பு போன்றவை கிராமங்களில் தகவல் திரட்ட உள்ளூர் மொழி அறிந்தவர்களை நாடுகின்றன. அந்தமானில் தமிழும் இந்தியும் வங்காளமும் கேட்டு வளர்ந்தவருக்கு இது சாதாரணத் தகுதி அன்று. முப்படைகளின் ஆள்தேர்வுச் சோதனைகளை உருவாக்கும் டெல்லியின் பாதுகாப்பு உளவியல் ஆய்வு நிறுவனமும் உளவியலாளர்களுக்கு வாய்ப்பளிக்கும் இடம்.

மானிடவியல் வழியை மறந்துவிடக் கூடாது. இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் வட்டார மையம் 1951 முதல் போர்ட் பிளேரில் இயங்கி வருகிறது. 1991-இல் சென்டினல் தீவு மக்கள் தேங்காய்களைக் கைநீட்டிப் பெற்றுக்கொண்ட அரிய நிகழ்வின்போது, அம்மையத்தின் ஆய்வாளர் மதுமாலா சட்டோபாத்யாய் படகுக் குழுவில் இருந்தார். அணுகுவதைக் காட்டிலும் விலகி நிற்பதே அம்மக்களுக்கு நன்மை என்ற முடிவுக்கு அரசு பின்னர் வந்தது.

எங்கு படிக்கலாம்?

பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் 2 வகுப்பில் எந்தப் பிரிவில் பயின்றவரும் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. உளவியலில் சேரலாம். தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்திய பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உளவியல் துறைகள் உள்ளன. சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி ஆகியவை நெடுநாளாக உளவியல் கற்பிக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை உண்டு. மத்திய பல்கலைக்கழகங்களில் சேர 'க்யூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அறிதல் அறிவியலில் ஆழ்ந்து செல்ல விரும்புவோர் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதல் அறிவியல் மையத்தைக் கருதலாம். மனநலக் களப்பயிற்சிக்கு நிம்ஹான்ஸ், சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1984-இல் தொடங்கப்பட்ட 'ஸ்கார்ஃப்' அமைப்பு ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

தேவை இருக்கிறதா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுவது இயல்பு. 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. அந்தமான் அக்கணக்கெடுப்பில் இடம்பெறவில்லை. தேவை பெரிது, அதற்கேற்ற நிரந்தரப் பணியிடங்கள் இன்னும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியிடங்களில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. உரிமம் பெறும் வரை 6, 7 ஆண்டுகள் படிப்புக்கே செல்லும் என்பதால், குடும்பத்தின் பொருளாதார நிலையை முன்கூட்டியே கணக்கிடுவது அவசியம்.

தீவை விட்டு உடனடியாகச் செல்ல இயலாதோருக்கும் ஒரு வழி உள்ளது. 1967 முதல் இயங்கும் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்று, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகத்தில் உள்ள கடலோரப் பேரிடர் மேலாண்மைத் துறையில் முதுநிலை பயிலலாம். எச்சரிக்கையை மக்கள் ஏற்கும் விதம், இடம்பெயர மறுக்கும் காரணங்கள் ஆகியவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோருக்குச் சிப்பிகாட்டின் சதுப்பு நிலம் அங்கிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளது.

(மனநல ஆலோசனை தேவைப்படுவோர், 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் அரசின் 'டெலி மனஸ்' சேவையைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.)