துல்லியமும் பிரிதிறனும்

செயற்கைக்கோள் படம் தெளிவாக இருந்தால் ‘துல்லியம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். வடமொழித் ‘துல்ய’த்திலிருந்து வந்த அச்சொல்லின் பழம்பொருள் ஒப்பு, துலாக்கோலும் அதன் உறவு. பிழையின்மை பின்னாளில் ஏறிய பொருள்.

ஆனால் அருகருகே இருப்பவற்றை வேறுவேறாகக் காட்டும் தெளிவுக்குப் பெயர் பிரிதிறன். 1995இல் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1சி செயற்கைக்கோள், 5.8 மீட்டர் பிரிதிறனில் கறுப்பு வெள்ளையிலும், 23.5 மீட்டரில் வண்ணத்திலும் படமெடுத்தது. திருப்பதி அலிபிரியில் சாலையும் அதையொட்டிய மரங்களும் வண்ணப் படத்தின் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடக்கூடும். இரு படங்களையும் சேர்த்தால் முதல் படத்தின் நுணுக்கம் இரண்டாவதன் நிறத்தோடு கிடைக்கும்.

இப்படிச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபியூஷன்’ என்பார்கள். அச்சொல்லின் லத்தீன் வேருக்கு ஊற்றுதல், உருக்குதல் என்று பொருள். ‘இணைப்பு’ என்றால் ஒட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும். அணுக்கரு இணைவில் ஏற்கெனவே பழகிய சொல்லை எடுத்து, ‘பட இணைவு’ என்பதே பொருந்தும்.