பள்ளம் தெரிய நிழல் வேணும்

இன்னைக்கு எபிசோட் ஒரு படத்தோட வரலாறு. கம்ப்யூட்டர் வரைஞ்ச ஒரு என்சைமோட படம் அது. அதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம்? அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்திகளில் உடனே கல்வராயன் மலையின் பேர் அடிபட்டது. ஆனால் மலையில் வெல்லம் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுகிற சாராயத்தில் அவ்வளவு மெத்தனால் வராது. அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுகிற ரசாயனம்.

மெத்தனாலைவிட, உடம்பு அதை என்னவாக மாத்துதுங்கறதுதான் ஆபத்து. கல்லீரலில் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது மெத்தனாலை ஃபார்மால்டிஹைடா மாத்தும். அடுத்து அது ஃபார்மிக் அமிலம் ஆகும். கண் நரம்பைக் கெடுப்பது இந்த அமிலம்தான். இந்த மாற்றம் நடக்கிற இடம் என்சைமுக்குள்ள ஒரு குறுகலான பள்ளம். அடியில ஒரு துத்தநாக அணு. ஃபோமெபிசோல் என்கிற மாற்று மருந்து செய்வது ஒரே வேலை: மெத்தனாலுக்கு முன்னாடி போய் அந்தப் பள்ளத்தை அடைச்சுக்கும்.

அப்போ அந்தப் பள்ளத்தைப் பார்க்கணும். தட்டையான காகிதத்தில், திரையில், ஆழத்தை எப்படிக் காட்டுறது?

முதலில் யாரும் வரையவே இல்லை, கையால கட்டினாங்க. 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கிய வடிவத்தை 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு ரிச்சும் கிரிக்கும் விமர்சித்தார்கள். அப்படின்னா அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் குழு அதையே கணக்குப் போட ஆரம்பித்தது. 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் இன்னைக்கும் உலகம் முழுக்க புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படுது. பார்வைக்குப் பொருந்தினா மட்டும் போதாது, இடைவெளியும் சரியா இருக்கணும்.

1961ல் இர்விங் கெய்ஸ் என்ற ஓவியர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழுக்காக மையோகுளோபினை வரைந்தார். உள்ளே வெளிச்சம் இருக்கிற மாதிரி, அணு அணுவாக, கையால. 1960களின் நடுவில் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவின்தால் குழு கோடுகளால் ஆன மூலக்கூறைத் திரையில் சுழற்றிக் காட்டியது. சுத்தினா ஆழம் புரியும், நிறுத்தினா மறுபடி தட்டை. அதுக்கு ஒரு தீர்வு, தூரத்துக் கோடுகளை மங்கலாக்குறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்வராயன் மலையைப் பாருங்க. முன்வரிசை கரும்பச்சை, பின்வரிசை வெளிறிய நீலம். அதே தந்திரம்.

அடுத்து, வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங். ஒரு பரப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ, அதை வெச்சு வெளிச்சத்தையும் பளபளப்பையும் கணக்கிடும் முறையை 1975ல் வெளியிட்டார். அதே வருஷம் இளம் வயதிலேயே இறந்துட்டார். அவர் முறையில் ஒவ்வொரு அணுவும் அழகான உருண்டையாத் தெரியும். ஆனால் மேட்டில் இருக்கிற உருண்டைக்கும் குழியில் இருக்கிற உருண்டைக்கும் வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டிய பள்ளம் அங்கேயும் காணோம்.

2000களில்தான் அது தெரிய ஆரம்பித்தது. ஆம்பியன்ட் அக்லூஷன்னு பேர். கேமர்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 2007ல் வந்த 'கிரைசிஸ்' விளையாட்டில் இதன் ஒரு வகை இருந்தது. யோசனை ரொம்ப எளிசு: ஒரு புள்ளியில் நின்னு பார்த்தா எவ்வளவு வானம் தெரியும்? நிறையத் தெரிஞ்சா வெளிச்சம், சுத்தி மறைச்சா இருட்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். 2021ல் புவிசார் குறியீடு வாங்கின கலை அது. உளி ஆழமாப் போன இடத்தில் தானா நிழல் தங்கும். உருவம் எழுந்து நிக்கும்.

இத்தாலியில் தரினி, சிஞ்ஞோனி, மொந்தானி மூவரும் 2006ல் 'க்யூட்மோல்' மென்பொருளில் இந்த நிழலை மூலக்கூறுகளுக்குக் கொண்டுவந்தார்கள். சுழற்றாமலே குழி எது, மேடு எது என்று தெரிந்தது.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும். அணு, நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சின்னது. அங்கே நிஜத்தில் நிழலே விழாது. நிழல் நம்ம கண்ணுக்காகச் சேர்த்தது. பள்ளம் மட்டும் அளந்து கண்டது. 1970களில் ஸ்வீடனின் உப்சாலாவில் கார்ல் பிராண்டன் குழு, குதிரைக் கல்லீரலிலிருந்து எடுத்த இதே வகை என்சைமில் அதைக் கண்டறிந்தது.

புரோட்டீன் டேட்டா பேங்க் தளம் இலவசம். ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸைத் தேடித் திறந்து, அக்லூஷனை ஒருதரம் போட்டு, ஒருதரம் அணைச்சுப் பாருங்க. கருணாபுரத்தில் அத்தனை பேர் உடம்புக்குள்ள மெத்தனால் நஞ்சா மாறின இடம் அதுதான்.