அணுகல் டோக்கன் சேமிப்பு
கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் ஒரு செயலி சேவையகத்தோடு பேசுவதற்குப் பெறும் அனுமதிச் சரமே அணுகல் டோக்கன். பெரும்பாலும் அதை வைத்திருப்பவரையே உரியவராகச் சேவையகம் நம்பிவிடும். அதனால் அதைச் சாதாரணக் கோப்பில் போட்டுவைக்காமல் இயங்குதளத்தின் பெட்டகத்தில் வைப்பதே முறை.

மேக்கில் அந்தப் பெட்டகம் கீசெயின். ஒரு செயலி வைத்ததை இன்னொன்று கேட்டால், அனுமதிக்கலாமா என்று பயனரிடம் கேட்கும் பெட்டி திரையில் வரும். விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர். அதற்கு அடியில் இயங்கும் குறியாக்க வசதியான டிபிஏபிஐ, விண்டோஸ் 2000-இல் அறிமுகமானது; அது பயனரின் உள்நுழைவோடு பிணைந்த திறவுகோலால் தரவைக் குறியாக்கம் செய்கிறது. ஆனால் அதே பயனரின் பெயரில் ஓடும் வேறு நிரலும் அதைத் திறக்க முடியும். கிரெடென்ஷியல் மேனேஜரின் ஒரு பதிவில் 2,560 பைட்டுக்கு மேல் கொள்ளாது. நீளமான டோக்கனைத் துண்டு போட்டுத்தான் வைக்க வேண்டும்.

தலைவலி லினக்ஸில்தான். க்னோம் கீரிங், கேவாலட் போன்றவை டி-பஸ் வழியே சீக்ரெட் சர்வீஸ் என்னும் பொது இடைமுகத்தைத் தருகின்றன. திரையில்லாத சேவையகத்தில் எஸ்எஸ்எச் வழியே நுழைந்தால், கீரிங் பல நேரம் ஓடாது, ஓடினாலும் பூட்டியே கிடக்கும். அங்கே பலர் நாடுவது கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின் ‘ஸ்டோர்’ வசதி. அது ஹோம் கோப்புறையில் குறியாக்கமே இல்லாத உரைக்கோப்பாக எழுதுகிறது. கோப்பு அனுமதி மட்டுமே காவல். கோப்புறையைக் காப்புநகல் எடுத்தால் டோக்கனும் கூடவே போய்விடும்.