சிறுமிக்கு உணவு கொடுங்கள்

யாயிரின் மகளுக்கு இயேசு உயிரளித்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் (5:21-43) பலமுறை வாசித்திருக்கிறோம். அதன் இறுதி வசனத்தை மட்டும் எளிதில் கடந்துவிடுகிறோம். 12 வயதுச் சிறுமி எழுந்து நடந்தாள். அனைவரும் மலைத்து நின்றனர். அவளுக்குப் பசிக்கும் என நினைத்தவர் ஆண்டவர் ஒருவரே. அவளுக்கு உண்ணக் கொடுக்கப் பணித்தார். நோய் நீக்குவது ஒரு பணி. நலம் பெற்றவரைப் பேணுவது மற்றொரு பணி. நம் நாட்டில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவம் வளர்ந்த வரலாறும் இவ்விரு படிகளைக் கொண்டதே.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால், 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. மறு ஆண்டு அங்கு பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, 2021 சனவரியில் இறக்கும்வரை அப்பணிக்கே தம்மை ஒப்படைத்திருந்தார். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அங்கு அமைந்தது. ஆயினும், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பிழைத்தவர் மிகச் சிலரே. 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உருவான கூட்டு மருந்துமுறை அடையாற்றிலும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், தில்லி எய்ம்ஸிலும் கையாளப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர்.

பிழைத்தோர் பெருகவே, புதிய உண்மையொன்று புலப்பட்டது. உயிர்காத்த மருந்துகளுள் சில, ஆண்டுகள் பல கழித்து இதயத்தைத் தளர்த்தக்கூடும். தலைக்கு அளித்த கதிர்வீச்சு கற்கும் திறனையும் வளர்ச்சியையும் குறைக்கக்கூடும். எனவே, சிகிச்சை முடித்தோருக்கெனவே 1991இல் டாட்டா மருத்துவமனை ஒரு தனிப் பிரிவைத் தொடங்கிற்று. 2009இல் பிழைத்தோர் தாமே ஒருவருக்கொருவர் துணைநிற்க 'உகம்' என்னும் குழுவாக இணைந்தனர்.

இவ்வரலாறு நாரணாபுரத்தில் நம்மைக் குற்றவாளியாக நிறுத்தியது. பட்டாசு வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் சிறுமி நோயுற்றபோது தனிக்காணிக்கை எடுத்தோம், திருப்பலிதோறும் மன்றாடினோம். நோய் நீங்கிற்று என்றதும் நன்றித் திருப்பலி நிறைவேற்றி, நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை அவளுடைய தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார்.

"சாமி, வருசா வருசம் செக்கப்புக்கு வரச் சொல்றாங்க. போனா, இன்னும் நோவு இருக்குன்னு ஊருல பேசுவாங்க. நாளைக்கு இவள யாரு சாமி கட்டுவா?"

அஞ்சியே இரண்டு ஆண்டுகள் போகாமல் இருந்திருக்கின்றனர். தங்கையின் சிகிச்சைக்காக மேற்படிப்பைக் கைவிட்டு வேலைக்குச் சென்ற அண்ணனைப் பற்றியும் அன்றுதான் அறிந்தோம். அவனிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை; நாமும் கேட்டதில்லை.

புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. ஆண்டுப் பரிசோதனைக்குச் செல்வது நோய் மீண்டதற்கு அடையாளமுமன்று. இதை அன்பியக் கூட்டங்களில் உரக்கச் சொல்வோம். சிகிச்சைக் குறிப்புகளை வாழ்நாள் முழுதும் பத்திரப்படுத்தச் சொல்வோம். பரிசோதனை நாளில் ஒருவர் உடன் செல்வோம். அன்றைய கூலியை நாம் ஈடுசெய்வோம். அந்த அண்ணன்களையும் மறவாதிருப்போம்.

எழுந்து நடந்த சிறுமியைக் கண்டு மலைத்து நின்றது போதும். அவளுக்குப் பசிக்கிறது.