அத்தை அளந்த நெல்லு

1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் பக்கம் புயல் கரை கடந்துச்சு. அப்ப அது தஞ்சாவூர் ஜில்லா. கதிர் வாங்காத சம்பா தண்ணிக்குள்ள. தெருவுல ஒரு கூரை மிஞ்சலை. அத்தை வீடு ஓட்டு வீடு. அந்த வருஷக் குறுவை நெல்லு குதிர்ல இருந்துச்சு.

வந்தவங்களுக்கெல்லாம் அத்தை மரக்கால் மரக்காலா அளந்தாங்க. சாக்கு பிடிச்சது நான். கணக்கு எழுதலை. கடைசியில விதைக்கோட்டையையும் பிரிச்சப்ப மாமா தடுத்தார். "பசிச்சு வந்தவங்ககிட்ட இது விதைநெல்லுன்னு சொல்லச் சொல்றீங்களா?"ன்னாங்க.

அடுத்த குறுவைக்கு விதை வாங்க அத்தையோட தோடு அடகுக்குப் போச்சு. நடவு அன்னைக்குச் சொல்லி அனுப்பாமலே தெருவே வயல்ல இறங்குச்சு. ஒருத்தரும் கூலி வாங்கலை.

அந்தப் புயலைப் பத்தி எழுதுறவங்க செத்தவங்க கணக்கைச் சொல்றாங்க. சம்பா போன பிறகு மிச்சப்பேர் எப்படிச் சோறு தின்னாங்கன்னு கேட்டா, எங்க ஊர்ல அத்தை பேரைத்தான் சொல்லுவாங்க.